கைதட்டலுக்குப் பின் சொல்ல வேண்டியதைச் சொன்னவர்க்கு

பக்கவாதப் பிரிவின் தலைமை மருத்துவராய் முப்பத்தோர் ஆண்டுகள் அரும்பணி ஆற்றி, இன்று பணிநிறைவு பெறும் நரம்பியல் மருத்துவப் பேரறிஞர் அம்மையார் அவர்களுக்கு, அப்பிரிவின் செவிலியர், உதவி மருத்துவர், ஸ்கேன் அறையினர், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அனைவரும் ஓரணியாய் நின்று, பெருமை ஒரு கண்ணிலும் பெருந்துயர் மறு கண்ணிலும் தேங்க வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

காலத்தோடு கைகலந்த கருணையே! கட்டிபட்ட குருதிக்குள் கதவு திறந்த கரமே! மெய்யை மென்று விழுங்காத வாய்மையே!

வாழ்த்துப் பாட வேண்டிய மேடையில் வருத்தத்தையும் சுமந்து வந்திருக்கிறோம். பூமாலைக்குள் முள்ளை ஒளித்துச் சூட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. முள்ளை முள்ளென்றே காட்டிச் சூட்டுவதைத் தாங்கள்தாம் வழக்கமாக்கினீர்கள். ஆகவே, மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகப் பெருமக்கள் சற்றே நெளிந்தாலும், இம்மடல் நெளியாது.

அம்மையீர், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயை உறைந்த குருதிக்கட்டி ஒன்று அடைக்க, அடைபட்ட கணம் முதல் அறிவும் அசைவும் அணு அணுவாய் மடிவதே எங்கள் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோரின் நோய். சில மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் செலுத்த வேண்டும். ஊசிக்கு அடங்காத பெருங்கட்டியைத் தொடைக்குழாய் வழியே நுண்கம்பி விட்டு இழுத்தெடுக்க வேண்டும். அந்நேரம் கடந்தால் மருந்தும் கம்பியும் வெறும் பொருள்கள். இதனால்தான், வாசலில் நுழையும் எவரிடமும் தாங்கள் பெயர் கேட்டதில்லை, பெருமை கேட்டதில்லை, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்ற ஒன்றையே கேட்டீர்கள். அக்கேள்வியே தங்களுக்குப் பட்டப்பெயரும் ஆயிற்று. "‘எப்ப டாக்டர்’ வாசல்ல நிக்கிறாங்க, மணியை மட்டும் சொல்லுங்க, கதை வேண்டாம்" என்று எங்கள் ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே உறவினரைப் பழக்கிவிடுவார். "கேன்டீன்ல காபி ஆறிப்போச்சுன்னு சொன்னாக்கூட, கடைசியா எப்ப சூடா இருந்துச்சுன்னு கேப்பாங்க" என்று செவிலியர் தங்களைக் கேலி செய்ததும், அதைக் கேட்டுத் தாங்களே வாய்விட்டுச் சிரித்ததும் இப்பிரிவின் சுவர்களுக்குத் தெரியும்.

தூக்கி வரப்பட்டோர் நடந்து போனார்கள். குழறி வந்தோர் நன்றி சொல்லிப் போனார்கள். அப்படிப் போவோரை, வார்டின் வாசல் முதல் லிப்ட் வரை இருபுறமும் நாங்கள் வரிசையாய் நின்று கைதட்டி வழியனுப்பும் வழக்கம் உண்டானது. கைதட்டலின் முடிவில் ஒரு புகைப்படம். அப்படம் தாழ்வாரச் சுவருக்கு. அச்சுவர் நிர்வாகத்தின் பெருமைக்கு. நிமிர்ந்து நிற்கும் நோயாளி, நெஞ்சு நிறைந்த குடும்பம், சுற்றிலும் நாங்கள். அப்படங்களுள் பலவற்றில் தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று நாங்கள் வெகுகாலம் கேட்கவில்லை.

கைதட்டலோடு கதை முடிவதில்லை என்று தாங்கள் அறிந்திருந்தீர்கள். மடிந்துபோன மூளைப்பகுதி ஆறும்போது அங்கே தழும்பு விழுகிறது. அத்தழும்பின் ஓரத்தில் வாழும் நரம்பணுக்கள் சிலவேளை கட்டுக்கடங்காமல் ஒருங்கே மின்னி எழ, உடல் உதறுகிறது, கண் சொருகுகிறது, நினைவு தப்புகிறது. அதுவே வலிப்பு. எல்லார்க்கும் வருவதில்லை, சிலர்க்கே வருகிறது. முதல் நாட்களில் வருவதும் உண்டு, மாதங்கள் கடந்து, ஆண்டுகள் கடந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நிம்மதியாய் உறங்கத் தொடங்கிய பின் வருவதும் உண்டு.

அவ்வலிப்புக்கு ஊசி காரணமா, உருவி எடுத்த கம்பி காரணமா என்னும் வினாவைத் தாங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தீர்கள். அவை பெரும்பாலும் சிகிச்சையைக் குற்றக்கூண்டில் நிறுத்தவில்லை; பக்கவாதத்தின் கடுமையையும், மூளையின் மேற்பரப்பில் விழுந்த தழும்பையும், உள்ளே கசிந்த குருதியையுமே சுட்டின. ஆயினும் ஊசிக்குப் பின் சிலருக்குக் கசிவு நேர்வதுண்டு என்பதால், தொடர்பு துளியும் இல்லை என்று மேசையைத் தட்டிச் சொல்லத் தங்கள் நேர்மை இடம் தரவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதே மருத்துவம் என்றீர்கள்.

ஆகவே, லிப்ட் அருகே ஓர் அறிவிப்பை ஒட்டினீர்கள். வீட்டுக்குப் போனபின் வலிப்பு வரலாம், வந்தால் இன்னது செய்க என்னும் எளிய சில வரிகள். அதைக் கண்ட நிர்வாக அலுவலர் தங்களைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திக் கேட்டார்.

"விருந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறவங்ககிட்ட, வயித்து வலி வரலாம்னு சொல்ற மாதிரி இருக்கு டாக்டர். யாராவது திரும்ப நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வருவாங்களா?"

"வயித்து வலி வந்தா என்ன செய்யணும்னு சொல்றேன் சார். விருந்தை நிறுத்தச் சொல்லலை."

"சுவர்ல படமும் பாராட்டு மடலும் மட்டும்தான் இருக்கணும். அது விதி. உங்களுக்காக மாத்த முடியாது."

அறிவிப்பு கிழிக்கப்பட்டது. தாங்கள் அசரவில்லை. கட்டடத்துக்கு வண்ணம் பூச வந்தவரைக் கொண்டு அவ்வரிகளைச் சுவரிலேயே எழுதச் செய்தீர்கள். "நல்லா பெருசா எழுதுங்க, கண்ணாடி போடாம படிக்கணும்" என்று அருகிலேயே நின்றீர்கள். அதன்மேல் வெள்ளையடிக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்தையும் லிப்ட் வாசலில் மறித்து, வாயாலேயே சொல்லத் தொடங்கினீர்கள். ஒரு மனிதரின் வாய் எத்தனை குடும்பத்தை எட்டும்? தாங்கள் சிகிச்சை அறைக்குள் ஒருவரின் கட்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்.

அப்படிப் புறப்பட்டவர்தாம் அந்தத் தையற்காரர். வலக்கை தொங்க வந்தவர், ஊசியாலும் கம்பியாலும் உயிர்பெற்ற அதே கையோடு எழுந்தார். "எனக்கு ஊசி போட்டவங்களுக்கு முன்னாடி நான் ஊசியில நூல் கோக்கணும்" என்று அடம்பிடித்து, எங்கள் எல்லார் முன்னிலையிலும் ஒரே முயற்சியில் கோத்துக் காட்டினார். கைதட்டினோம். படம் எடுத்தோம். அவரை அழைத்துப் போக வந்த தங்கை எங்கள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாங்கள் உள்ளே இருந்தீர்கள். சுவர் வெள்ளையாய் இருந்தது.

சில மாதங்கள் சென்றன. தைத்துக்கொண்டிருந்த தையற்காரர் தையல் எந்திரத்தின் மீதே சரிந்து உதறினார். தேநீர் கொண்டுவந்த தங்கை கண்ணெதிரே கண்டார். எவரும் எதுவும் சொல்லித் தராத அப்பெண், அண்ணன் நாக்கைக் கடித்துக்கொள்வாரோ என்று அஞ்சிப் பற்களுக்கிடையே கரண்டியைத் திணித்தார். வலிப்பு நின்றது; முன்பல் ஒன்று உடைந்திருந்தது. பக்கத்து வீட்டார் கூடினர். "அந்த ஊசி அப்படித்தான். உள்ளேயே உட்கார்ந்திருந்து, பிறகு வேலையைக் காட்டும்" என்றார் ஒருவர். "அதான் கைதட்டி அனுப்புனாங்களா?" என்றார் மற்றொருவர். எதிர்வீட்டில் ஏறிய பேச்சு எட்டுத் தெருவில் இறங்கியது. மருத்துவம் மௌனம் காத்த இடத்தில் வதந்தி வாய் திறந்து வகுப்பெடுத்தது.

வலிப்புக்கு மாத்திரை கிடைத்தது, கட்டுக்குள்ளும் வந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் தாங்கள் அவரிடம் சொன்னீர்கள். சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவர் பேருந்தில் போகப் பழகினார்.

அத்தங்கையின் கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுபவர். "என் மச்சான் தூக்கத்திலேயும் ஏலம் விடுவான், என் தங்கச்சி தலகாணியை வித்துடப் போறான்" என்று தையற்காரர் மறுவருகை அறையில் சொல்லிச் சிரித்ததை நாங்களும் கேட்டிருக்கிறோம். ஒரு முற்பகலில் அந்த ஏலக்காரரைத் தூக்கி வந்தார்கள். தாங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டீர்கள்.

"இப்பத்தான் டாக்டர். தக்காளிக் கூடையை ஏலம் விட்டுக்கிட்டு இருந்தாராம். ஒரு தரம், ரெண்டு தரம்னு சொன்னவருக்கு வாய் கோணிருச்சாம்" என்றார் மனைவி. ஸ்கேன் எடுத்து முடித்ததும் தாங்கள் அவரிடம் வந்தீர்கள்.

"நல்ல நேரத்துல கொண்டு வந்திருக்கீங்க. ஸ்கேன் பாத்தாச்சு, ஊசி போடலாம். இங்க கையெழுத்துப் போடுங்கம்மா."

"எங்க அண்ணனுக்குப் போட்டீங்களே, அதே ஊசியா?"

"அதேதான்."

"அப்ப வேண்டாம். கம்பியும் வேண்டாம்."

"அம்மா, நேரம் போகுது."

"அண்ணனைக் கைதட்டித்தானே அனுப்புனீங்க? வலிப்பு வரும்னு உங்கள்ல ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?"

"சொல்லலைம்மா. சொல்லியிருக்கணும்."

"அந்த ஊசியால வரலைன்னு சத்தியம் பண்ணுங்க. இப்பவே போடுறேன் கையெழுத்து."

உதவி மருத்துவர் ஒருவர் தங்கள் காதருகே, "பண்ணிடுங்க மேடம், ஒரு வார்த்தைதானே" என்றார். அந்த ஒரு வார்த்தை தங்களிடம் இருந்தது. அதைச் சொன்னால் ஒரு மனிதரின் பேச்சு பிழைத்திருக்கலாம். ஆனால் மறைத்து வைத்த ஒரு மெய்யால் வந்த வினையை, துணிந்து சொல்லும் ஒரு பொய்யால் தீர்க்கத் தாங்கள் இசையவில்லை. சரியா, தவறா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு எழுத எவருக்கும் துணிவில்லை.

"பக்கவாதத் தழும்பாலதான் வலிப்பு வருதும்மா. ஊசி போடாட்டியும் வரலாம். ஆனா ஊசிக்குத் துளிகூடச் சம்பந்தமில்லைன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. போடலைன்னா இவர் பேச்சு திரும்புற வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். அது எனக்கு நிச்சயமா தெரியும்."

"அண்ணன் விஷயத்துல மறைச்சவங்க, இவர் விஷயத்துல மட்டும் உண்மையா பேசுவீங்களா?"

 தாங்கள் மீண்டும் சொன்னீர்கள், அமர்ந்து சொன்னீர்கள், அவர் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அப்பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுவரில் அவர் அண்ணன் நூல் கோத்த கையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டுத் தையற்காரர் புறப்பட்டார். சொந்த வண்டி வாசலில் நிற்க, ஓட்டக் கூடாதவராகையால் பேருந்துக்குக் காத்து, இறங்கி, ஓடி, மூச்சிரைக்க வந்து தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பைத்தியக்காரி, வலிப்பு வந்தா மாத்திரை இருக்கு. பேச்சு போச்சுன்னா எந்தக் கடையில வாங்குவே? போடச் சொல்லு."

தங்கை பேனாவைக் கையில் எடுத்தார். தாங்கள் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தீர்கள். அப்பேனாவை மெல்ல வாங்கி, மூடி, தங்கள் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.  ஊசியாலும் கம்பியாலும் மீட்க ஒன்றும் இல்லாதபடி மூளையின் அப்பகுதி மடிந்திருந்தது.

ஏலக்காரர் உயிர் பிழைத்தார். வலப்பக்கக் கைகால் மீளவில்லை. சந்தை முழுதும் கேட்ட குரலில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே சொற்கள். பசித்தாலும், வலித்தாலும், மனைவியை அழைத்தாலும், மகளைக் கண்டு மகிழ்ந்தாலும், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்கிறார். அதற்கு அப்பால் உதடு அசைகிறது, ஒலி வருவதில்லை. அவரைக் கைதட்டி அனுப்ப எவருக்கும் கை எழவில்லை. அவர் படம் எங்கள் சுவரில் இல்லை.

அதன்பின் நிகழ்ந்ததை, நிர்வாகப் பெருமக்களே, செவிகொடுத்துக் கேளுங்கள். ஊசி போடாத, கம்பி நுழையாத, மருந்தின் நிழல்கூடப் படாத அந்த ஏலக்காரருக்கும் வலிப்பு வந்தது. எதற்கு அஞ்சி அப்பெண் மறுத்தாரோ, அதுவே மறுத்த பின்னும் வீடு தேடி வந்தது. தழும்பு பெரிது; அத்தழும்புக்கு ஊசியின் தயவு தேவைப்படவில்லை.

அவர் மனைவி தங்கள் மறுவருகை அறைக்கு வந்தார். முன்பு ஆக்சிஜன் உருளைகள் அடுக்கியிருந்த, சன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் அலறும் அச்சிற்றறையை, வீடு திரும்பியோர் மீண்டும் வந்து ஐயம் கேட்பதற்கென்று போராடிப் பெற்றவர் தாங்கள். அங்கே நின்றுகொண்டே அவர் கேட்டார்.

"ஊசியே போடலையே டாக்டர். அப்புறம் ஏன் வந்துச்சு?"

தாங்கள் மேசைக்கு இப்பால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை அமர்த்தி, பக்கத்தில் அமர்ந்தீர்கள்.

"தழும்புக்கு ஊசி போட்டதும் தெரியாது, போடாததும் தெரியாதும்மா."

"அப்ப அவர் வாயை அடைச்சது நான்தானா?"

"இல்லை. உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்க வேண்டியதை இந்த ஆஸ்பத்திரி சொல்லலை. இந்தப் பழியை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. இங்கேயே விட்டுட்டுப் போங்க."

அவர் விட்டுவிட்டுப் போனாரா என்று எங்களுக்குத் தெரியாது. விட்டிருந்தால் அப்படி அழுதிருக்க மாட்டார்.

பழியைச் சுமக்க வேண்டியவர் யார்? அஞ்சிய பெண்ணா? அவர் கண்ணால் கண்டதற்கு அஞ்சினார். நேர்மையாளரான தாங்களா? தாங்கள் ஒரு முறை சுவரில் ஒட்டினீர்கள், மறுமுறை சுவரிலேயே எழுதச் செய்தீர்கள். மருத்துவத்தின் புகழைக் காப்பதாய் எண்ணி மருத்துவத்தின் மெய்யை மறைத்த மனப்பான்மையே குற்றவாளி. நோயாளியின் காலை நிமிர்த்தினால் போதும், அறிவை நிமிர்த்த வேண்டாம் என்னும் ஆணவமே குற்றவாளி. மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சொல்லி மக்களை இருட்டில் நிறுத்துகிறவர்கள், இருட்டில்தான் மனிதர் மிகுதியும் மிரள்கிறார்கள் என்பதை எப்போது உணர்வார்கள்? அவ்விருட்டுக்குக் கைதட்டல் ஓசையால் காவல் நின்ற கைகளுள் எங்கள் கைகளும் உண்டு.

அம்மையீர், நம்பிக்கையூட்டி முடிக்க வேண்டும் என்பது இத்தகைய மடல்களின் மரபு. எங்களிடம் கையிருப்பில் அது குறைவு. நாளை முதல் தங்கள் மறுவருகை அறை மீண்டும் உருளைகளுக்குப் போகிறது, ஆணை வந்துவிட்டது. தங்கள் இடத்துக்கு எவரும் இன்னும் அமர்த்தப்படவில்லை. தெருக்களில் அவ்வதந்தி தளர்வின்றி நடக்கிறது; அண்மையிலும் ஒரு குடும்பம் ஊசியை மறுத்துவிட்டுத் தந்தையை வாரிக்கொண்டு போனது. "கட்டியை எடுக்கத் தெரிஞ்ச எனக்குப் பயத்தை எடுக்கத் தெரியலையே" என்று மேசையைக் காலி செய்துகொண்டே தாங்கள் முனகியது செவிலியர் காதில் விழுந்தது.

எனினும், தங்களை வெறுங்கையோடு வழியனுப்ப மனமில்லை. தங்கள் கண்ணொளி மங்காதிருக்க, நடை தளராதிருக்க, நாவும் நினைவும் நலிவுறாதிருக்க, கடிகாரம் பாராமல் உண்ணவும் உறங்கவும் வாய்த்த நீண்ட நல்வாழ்வு தங்களுடையதாகுக. ஓய்வுக்காலத்தில் எவரேனும் தங்களைக் கடைசியாய் எப்போது நலமாய் இருந்தீர்கள் என்று கேட்டால், இப்போதுதான் என்று எந்நாளும் விடை சொல்லும் பேறு பெறுக.

மேலும் ஒன்று. இம்மடலை இல்லம் கொண்டு செல்ல வேண்டாம் என்று பணிந்து கேட்கிறோம். இதில் தங்கள் வாசகங்களை, ஓர் எழுத்தும் குறையாமல், இங்கே பொறித்திருக்கிறோம்:

பக்கவாதம் வந்து குணமானவர்க்குப் பின்னாளில் வலிப்பு வரலாம். ஊசி போட்டவர்க்கும் வரலாம், போடாதவர்க்கும் வரலாம். வந்தால் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். மணி பாருங்கள், ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டாலோ, மீண்டும் வந்தாலோ, கைகால் விளங்காமல் போனாலோ உடனே தூக்கி வாருங்கள். முதன்முறை வந்தது என்றால், நின்றுவிட்டாலும் வாருங்கள். வலிப்புக்கு மருந்து உண்டு. வலிப்புக்கு அஞ்சிப் பக்கவாதச் சிகிச்சையை மறுக்காதீர்கள்.

இதை வாசிக்கலாமா என்று ஏலக்காரரின் மனைவியிடம் முன்னரே கேட்டோம். "வாசிங்க. நான் வேண்டாம்னு சொன்னதையும் சேத்து வாசிங்க. மறைச்சீங்கன்னா இன்னொருத்தியும் அதையே சொல்லிட்டு நிப்பா" என்றார். இதோ, இவ்வரங்கில், கணவரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

சுவரில் படங்களும் பாராட்டு மடல்களும் அன்றி வேறெதுவும் இருத்தல் கூடாது என்பது விதி. விதியை மதிக்கிறோம். இது பாராட்டு மடல். கண்ணாடிச் சட்டமிட்டு, லிப்ட் அருகே, வெள்ளையடித்த அதே இடத்தில், கைதட்டலுக்குக் காத்து நிற்போரின் கண்மட்டத்தில் மாட்டுகிறோம். இனி இதை ஒருவர் உரக்க வாசித்து முடித்த பின்னரே எங்கள் கைகள் தட்டும். அந்த ஏலக்காரருக்கு இதனால் ஒரு சொல்லும் திரும்பப் போவதில்லை என்பதை அறிந்தே மாட்டுகிறோம்.

ஒரு தரம் கிழித்தார்கள். இரண்டு தரம் அழித்தார்கள். அவர் உதட்டில் ஒலியற்று நின்றுபோன மூன்றாம் தரத்தை, அவர் சார்பில் இச்சுவரில் நாங்கள் அறைகிறோம்.

என்றும் தங்கள் கேள்விக்குக் கட்டுப்பட்ட,
பக்கவாதப் பிரிவு ஊழியர்கள்